197ஆம் வரியில் ஒரு எட்டு

மாதத்தின் முதல் ஞாயிறு காலை, வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் நாஸ் பெட்டியில், டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாங்களே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். இந்த முறை இரண்டாவது டிஸ்க்கில் 197ஆம் வரி 8 காட்டியது. நான்கு வருஷமாக அங்கே 0தான்.

படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்களின், கணக்கு அது. 4 கேபி செக்டார் ஒன்று மக்கர் செய்தாலே, 512 பைட் துண்டுகளாக எண்ணும் பல டிஸ்க்குகள் 8 என்று காட்டும். அதன் மேல் மறுபடி எழுதும்போது தேறிவிட்டால் எண் இறங்கும். தேறாவிட்டால் உபரி இடத்துக்கு மாற்றப்படும், 5ஆம் வரி ஏறும். எனக்கு அடுத்த வாரமே 197 இருபத்து நான்கானது, 5ஆம் வரி 16.

பெட்டியின் இரண்டு டிஸ்க்கும் ரெய்டு 1 முறையில், இரண்டிலும் ஒரே தரவு. புது டிஸ்க்கை உடனே மாட்டக் கை பரபரத்தது. ஆனால் மாட்டினால், அதை நிரப்ப மிச்சமிருக்கும் ஒரே டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, சீரியல் எண்கள் அடுத்தடுத்து. ஒரே வயது, ஒரே ஓட்டம், ஒரே சூடு. ஒன்று தளர்ந்தால் மற்றதை எப்படி நம்புவது?

உள்ளே அப்பா எடுத்த 31 மினிடிவி வீடியோ கேசட்டுகளின் பதிவுகள் இருக்கின்றன. மணிக்கு 13 ஜிபி வீதம் ஏறக்குறைய 400 ஜிபி. அப்பா எதிலும் தெரியமாட்டார். கேமராவுக்குப் பின்னாலிருந்து "இங்க பாரு கண்ணு" என்று குரல் மட்டும் வரும். கேசட்டுகளில் பாதி பூஞ்சை பிடித்துப் போனதால், இனி இதுதான் அசல்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, கோப்புகளின் கைரேகை போன்ற செக்சம் எண்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கோப்புகூடப் பிசகவில்லை. அப்புறம்தான் புதிய 4 டிபியை மாட்டினேன். கடையில், தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியது. இன்னொரு வகையான எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இப்படி விடாமல் எழுதும் வேலையில் திணறும். இரவு 10 மணிக்குத் தொடங்கிய ரீபில்டு, அதாவது புது டிஸ்க்கில் தரவை நிரப்பும் வேலை, காலை 7 மணிக்கு முடிந்தது. நான் தூங்கவில்லை.

பெட்டியை டிவி அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்ததில் டிஸ்க்கின் சூடு 51 டிகிரியிலிருந்து 42 ஆனது. பழைய ஜோடியில் மிச்சமுள்ளதை அடுத்த மாதம் மாற்றுகிறேன், வேறு கடையில் வாங்கி. வெளி டிஸ்க் இப்போது தஞ்சாவூரில், அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது புதுப்பிக்க வேண்டும்.