புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரிப்பவர்கள்

சிசேரியன் ஆனவர்களைச் சிரிக்க வைப்பது பாவம் என்று பிரசவ வார்டில் வேலை பார்த்த எல்லா நர்சுகளுக்கும் தெரியும். ஆனாலும் எந்த வார்டிலும் வாய் சும்மா இருக்காத பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி இருப்பாள். மாமியார் கஷாயம் வைத்த கதையை அவள் ஆரம்பித்தால், சிசேரியன் ஆனவள் தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அந்த அக்காவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்று கெஞ்சுவாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. ஒரு தலையணையைக் கொடுத்து, வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொண்டு சிரி என்பேன். இருமுவதற்கும் அதே வழிதான்.

இப்போது நான் ரிட்டையர் ஆகி, சேலத்தில் குகை என்ற பகுதியில் வீட்டோடு இருக்கிறேன். காலையில் பூங்காவில் நடை. அங்கே ஒரு கூட்டம் கையைத் தூக்கி "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சிரிக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு அடி தள்ளியே நடப்பார்கள். இந்தச் சிரிப்பு மன்றத்தை 1995-ல் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேரோடு தொடங்கியவர் மதன் கட்டாரியா என்ற டாக்டர். ஆரம்பத்தில் ஜோக் சொல்லித்தான் சிரித்தார்களாம். கொஞ்ச நாளில் நல்ல ஜோக்கெல்லாம் தீர்ந்து, மட்டமான ஜோக்குகள் வர ஆரம்பித்ததும் சண்டை. அப்புறம்தான் ஜோக்கே வேண்டாம், சும்மாவே சிரிப்போம் என்று முடிவு செய்தார்கள்.

அது சரியான முடிவுதான். ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் பொது இடங்களில் மக்கள் எதற்கெல்லாம் சிரிக்கிறார்கள் என்று குறித்துவைத்தார். பெரும்பாலான சிரிப்பு ஜோக்குக்கு வரவில்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" மாதிரி சப்பென்ற பேச்சுக்குத்தான் வந்தது. தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல முப்பது மடங்கு, கூட ஆள் இருந்தால் சிரிக்கிறோம் என்பது அவர் கணக்கு. இதை நம்பாதவர்கள் சாயங்காலம் சேலத்தில் ஏதாவது ஒரு தட்டுவடை செட் கடைக்கு முன்னால் நிற்கலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து மூடிய செட்டை முழுசாக வாயில் போடப் பார்த்து, அது படாரென்று உடைந்து பாதி புடவையில் விழும். உடனே நாலு பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதில் ஜோக் எங்கே இருக்கிறது?

சிரிக்கும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையும் விலா எலும்புத் தசைகளும் மூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. நாடி கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கும். ஆக்ஸ்போர்டின் ராபின் டன்பார் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், கையில் பிரஷர் பார்க்கும் பட்டையை இறுக்கி வலி தாங்கும் அளவைப் பார்த்தார்கள். சேர்ந்து சிரித்தவர்கள் கூடுதலாகத் தாங்கினார்கள். மூளையில் சுரந்து வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின்தான் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. என் வார்டுப் பெண்களுக்கும் அந்தப் பக்கத்துக் கட்டில்காரியின் பேச்சு ஏதோ செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்காக, நோய்விட்டுப் போகும் என்று சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரிக்கப் போகாதீர்கள்.

எனக்கு வருத்தமெல்லாம் சிரிப்பு வந்தும் அடக்குகிறவர்களைப் பற்றித்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு ஆயாம்மா தர்மபுரிப் பக்கம் பிறந்தவர். அங்கே கிணற்றுத் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்க ஆகாத தண்ணீர். பல் உருவாகும் சின்ன வயதில் அதையே குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தம்மா சிரித்தால் தலைப்பு தானாக வாய்க்குப் போகும். கண்ணோரம் மட்டும் சுருங்கும். பல் மருத்துவரிடம் கறையை மறைக்க வழி உண்டு என்று சொன்னால், "இனிமே எதுக்கு சிஸ்டர்" என்பார்.

சிரித்தால் வீசிங் வருகிறது என்பவர்கள் உண்டு. ஏற்காட்டுக் குளிரில் இன்னும் அதிகம். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்பதற்கு அது அடையாளம். டாக்டரிடம் இன்ஹேலரைப் பற்றிப் பேச வேண்டும்.

வாயைத் திறந்து சொல்லாத இன்னொரு கூட்டம் இருக்கிறது. சிரித்தால், தும்மினால் இரண்டு சொட்டு சிறுநீர் கசியும். ஓ.பி.யில் வேறு எதையோ காட்டிவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி வந்து மெதுவாகக் கேட்பார்கள். பிரசவத்தில் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்படித் தசை தளர்ந்துபோவதால் வருவது இது. வயசானால் அப்படித்தான் என்று விட வேண்டியதில்லை. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, சில நொடி வைத்து, விட வேண்டும். எட்டுப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளவும் கூடாது. சரியாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள்.

பூங்காவில் சிரிப்பு ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுகிற ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு, "மூணு பிள்ளை பெத்தேன் சிஸ்டர். ஒருத்தர்கூட இதைச் சொல்லலையே" என்றார்.