நடந்து முடிந்த பிறகு தொடங்கும் நாவல்கள்

பிப்ரவரி 8

பூமணியின் ‘வெக்கை’யை நேற்றிரவு படித்து முடித்தேன். 1982இல் வெளிவந்த, அளவில் சிறிய நாவல். தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டிவிட வேண்டும் என்று பதினைந்து வயதுச் சிதம்பரம் போகிறான்; வெட்டு கையோடு நிற்கவில்லை, ஆளே செத்துப்போகிறான். இவ்வளவும் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கொலையை நோக்கிக் கதையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டுபோய்க் கடைசி அத்தியாயத்தில் அரிவாளை ஓங்கவைக்கும் வழக்கமான கணக்கைப் பூமணி முதலிலேயே கலைத்துவிட்டு, அதற்குப் பின்வரும் எட்டு நாட்களை, தகப்பனும் மகனும் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிந்து திரியும் நாட்களை, எழுதுகிறார்.

அந்த எட்டு நாட்களில் பெரிய சம்பவங்கள் குறைவு. இன்றிரவு எங்கே படுப்பது, தண்ணீர் எங்கே கிடைக்கும், அடுப்புப் புகை வெளியே தெரியாமல் எப்படிச் சோறாக்குவது என்பவைதான் தகப்பன் பரமசிவத்தின் கவலைகள். மகனை உட்காரவைத்து அவர் விசாரிப்பதில்லை; பாராட்டிப் பூரித்துப்போவதுமில்லை. அவன் வயிறு காயாமல் பார்த்துக்கொள்கிறார். ஒரு கொலைக்குப் பிறகு தகப்பன் பேசக்கூடிய வசனங்கள் எத்தனையோ இருக்க, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசவைத்ததுதான் என்னை அசைத்தது.

மார்ச் 16

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’. 1966இல் வந்தபோது எழுந்த கோபதாபங்கள் எல்லாம் அடங்கிவிட்ட நிலையில், இன்று இதைக் கள்ள உறவு பற்றிய கதையாகப் படிக்க என்னால் முடியவில்லை. காவிரிக் கரையில் பவானியம்மாளின் வேத பாடசாலையில் பல ஆண்டுகள் படித்து முடித்துச் சென்னைக்கு வரும் அப்பு, தன் தாய் அலங்காரத்தம்மாளுக்கும் சிவசுவுக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்கிறான். அவன் புரிந்துகொள்வதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே அது வீட்டின் அன்றாடமாகிவிட்டது. வருகிறவனுக்குத்தான் அதிர்ச்சி, வீட்டில் இருப்பவர்களுக்கு அது சுவர்க்கடிகாரம்போலப் பழகிப்போன ஒன்று.

இம்முறை நான் அதிகம் கவனித்தது அலங்காரத்தின் கணவர் தண்டபாணியை. எல்லாம் தெரிந்தும் சொல்லாமல், சோதிடத்திலும் சாஸ்திரத்திலும் முகத்தைப் புதைத்துக்கொண்டு காலம் தள்ளும் அந்த மனிதரைக் கையாலாகாதவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஜானகிராமன் அவ்வாறு ஒதுக்கவில்லை. அவருக்குள் எரிவதையும், எரிந்தும் அவர் அலங்காரத்தின் கம்பீரத்துக்கு முன் சிறுத்துப் போவதையும் ஒருங்கே காட்டுகிறார். தன் பிள்ளை வேதம் படித்துத் தன்னைக் கரையேற்றுவான் என்று அலங்காரம் போட்டிருந்த கணக்கும் கடைசியில் பொய்த்துப்போகிறது. அவள் காசிக்குக் கிளம்புகிறாள். சரி, தவறு என்று எதையும் ஆசிரியர் எழுதிவைக்காமலேயே நாவல் முடிகிறது.

‘வெக்கை’க்கும் இதற்கும் மொழியிலும் உலகத்திலும் ஒட்டோ உறவோ கிடையாது. இரண்டிலும் செயல் முதலிலேயே முடிந்துபோயிருக்கிறது என்பது மட்டும் பொது.

மே 4

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981). இதுவும் ஒரு மரணத்துக்குப் பிறகு தொடங்கும் நாவல்தான்: ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள், 1960 ஜனவரி 5 அன்று, ஜோசஃப் ஜேம்ஸ் இறக்கிறான். முதல் பகுதியில் கதைசொல்லி பாலு அவனைத் தேடுகிறான். இரண்டாம் பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. வாக்கியங்களின் கூர்மையை இன்றும் வியக்கிறேன். ஆனால் ஜே.ஜே.யின் மேல் எனக்கு இரக்கம் பிறக்கவில்லை. எல்லாரையும் அளந்துகொண்டேயிருக்கும் ஒருவனோடு வெகுநேரம் இருந்த களைப்புதான் மிஞ்சியது. ஆண்டின் பட்டியலில் இது சேராது.

ஜூன் 22

இமையத்தின் ‘செல்லாத பண’த்தை இரண்டு முறை கீழே வைத்துவிட்டு மூன்றாம் முறைதான் முடிக்க முடிந்தது. பெரும்பகுதி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைச் சுற்றியே நடக்கிறது. பொறியியல் படித்த ரேவதி, வீட்டாரின் எதிர்ப்பை மீறி, பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியை மணந்தவள். இப்போது உடல் வெந்து உள்ளே கிடக்கிறாள். தலைமையாசிரியரான தந்தை நடேசனும் தாய் அமராவதியும் வெளியே காத்திருக்கிறார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்ய அவர்கள் தயார். அதை வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பித் தர அங்கே யாரும் இல்லை.

காத்திருக்கும் இடத்தில் மற்ற நோயாளிகளின் உறவினர்களும் இருக்கிறார்கள். யாருடைய பெண் எப்படி எரிந்தாள், எத்தனை சதவீதம், பிழைப்பாளா என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். அந்தச் சதவீதக் கணக்கு எனக்குத் தாங்கவில்லை. வேற்றாளின் விழுக்காட்டைத் தன் மகளுடையதோடு ஒப்பிட்டு ஒரு நிமிட நிம்மதியைத் தேடிக்கொள்ளும் மனத்தை இமையம் ஒளிக்கவில்லை. அதற்காக அவர்களைக் கேவலப்படுத்தவும் இல்லை. ரவியை முழு வில்லனாக்கிவிட்டிருந்தால் வாசகருக்கு வசதியாக இருந்திருக்கும். அவனுக்கும் பேச இடம் தருகிறார், அவன் பேசுவதில் கொஞ்சம் நியாயமும் இருந்து தொலைக்கிறது.

2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். இவ்வளவு நல்ல நாவலை யாருக்கும் பரிந்துரைக்கத் தயங்குவது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 10

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973). சினிமா ஆசை காட்டிப் பாஸ்கர் ராவ் ஜமுனாவைச் சீரழித்ததெல்லாம் முன்பே நடந்துவிட்டது. இப்போது தெருவில் தண்ணீர் வருவதில்லை. எல்லாரும் குடத்தையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். தற்கொலையின் விளிம்புவரை போய்த் திரும்பும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் இல்வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும் இடம், தமிழில் நான் படித்த ஆறுதல் காட்சிகளிலேயே மிகவும் சிக்கனமானது. நோயாளியான கிழக் கணவன், மாமியார், பள்ளிக்கூடம், தண்ணீர் என்று தன் பாட்டைச் சொல்கிறாளே ஒழிய, தைரியமாக இரு என்று போதிப்பதில்லை. மறுநாளும் தண்ணீர் பிடிக்க வேண்டும். அசோகமித்திரனின் குரலை வறண்டது என்பவர்களோடு எனக்கு வாதாடத் தெம்பில்லை.

அக்டோபர் 5

இந்த ஆண்டு எனக்குப் பிடித்தவை எல்லாம் நடந்ததற்குப் பிந்தைய கதைகளே என்று ஒரு முடிவுக்கு வந்திருந்த நேரத்தில், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ குறுக்கே வந்து நிற்கிறது. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள். இது 1972இல் அச்சானது. இதில் எதுவும் முடிந்துபோகவில்லை. மெடானில் ஜப்பானிய ஆட்சி, பினாங்குக்குத் தொங்கான் என்னும் பாய்மரக் கப்பலில் பயணம், இந்திய தேசிய ராணுவம், ஜப்பான் சரணடைந்த பிறகு மீண்டும் மெடான் என்று எல்லாம் கண்ணெதிரே நடந்துகொண்டேயிருக்கிறது. புயல் அத்தியாயத்தில் வாக்கியங்களே கயிறறுந்து சிதறுகின்றன. எது அலை, எது ஆள், யார் கத்தினார்கள் என்று பிரித்தறிய முடியாமல் படித்தேன்.

இருந்தும் நாயகன் பாண்டியனை எனக்கு நெருக்கமாக்கியது புயலோ துப்பாக்கியோ அல்ல. குடித்துவிட்டு நண்பர்களோடு உட்கார்ந்து தமிழின் பழம்பெருமையைக் கிண்டலடிக்கிறான். அடுத்த கணமே அவன் மனம் மதுரையின் தெருக்களிலும் சின்னமங்கலத்துச் சந்தையிலும் அலைகிறது. ஊரை எள்ளிநகையாடுகிறவனுக்குத்தான் ஊர் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. ஓடிக்கொண்டேயிருக்கும் இந்த நாவலுக்குள்ளும் முடிந்துபோன ஒன்று இருக்கிறது என்று சொல்லி என் முடிவைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது சிங்காரத்தை வலிந்து என் கட்சியில் சேர்ப்பதாகும். அவர் தனியாகவே இருக்கட்டும்.

நவம்பர் 23

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970). இந்த நாவல் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையிலிருந்து பிறந்தது. 1966இல் வெளியான அந்தக் கதையில், மழைநாளில் ஒருவனுடைய காரில் ஏறிக் கெட்டுத் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று சொல்லி, விஷயத்தை அந்த முற்றத்திலேயே முடித்துவைக்கிறாள். நாவலில் கங்காவின் தாய் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கும் மாமாவின் பார்வையோ வேறு மாதிரி இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, நல்ல வேலையில் தனித்து நிற்கும் கங்கா, தன்னுடைய கதையே வேறு முடிவோடு ஒரு பத்திரிகையில் சிறுகதையாக வந்திருப்பதைப் படிக்கிறாள்.

ஒரே சம்பவம், தாயின் வாயிலிருந்து வந்தது மட்டும் வேறு. அதனால் இரண்டு வாழ்க்கைகள். அந்தச் சிறுகதையைப் படிக்கும் கங்காவின் நிலையைத்தான் நான் பல நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்: தனக்கு நடந்திருக்கக்கூடிய, ஆனால் நடக்காமல் போன கருணையை அச்சில் பார்ப்பது எப்படியிருக்கும்? பிறகு அவள், அன்று தன்னைக் காரில் ஏற்றிச்சென்ற பிரபு என்பவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடித்தால், பயங்கரமானவன் யாரும் இல்லை, பணமும் சலிப்பும் நிறைந்த ஒரு பலவீனன்தான் நிற்கிறான். ஆங்காங்கே ஜெயகாந்தன் பாத்திரங்களின் வாயில் நுழைந்து பிரசங்கம் செய்கிறார் என்பது உண்மை. சில பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டேன். அவற்றையும் பொறுத்துக்கொண்டு படிக்கவைப்பது கங்காவின் பிடிவாதம்.

டிசம்பர் 28

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் ‘வெக்கை’ என்றே ஆண்டின் நடுப்பகுதிவரை சொல்லியிருப்பேன். கட்டுக்கோப்பில் இன்றும் அதுவே முதல். ஒரு வரியை எடுக்கவோ சேர்க்கவோ இடமில்லை. ஆனால் என்னை விடாமல் தொந்தரவு செய்வது கங்காதான், ஆகவே முதலிடம் அவளுக்கு. பிரபு திருந்தி விலகிப்போன பிறகு, அவன் விட்டுச்சென்ற குடியை அவள் கையில் எடுத்துக்கொள்வதோடு நாவலை நிறுத்திவிடுகிறார் ஜெயகாந்தன். அந்த முடிவை எனக்கு ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

இதன் தொடர்ச்சியாக ஜெயகாந்தன் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்றொரு நாவல் எழுதியிருக்கிறார். அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். கங்காவை அவ்வளவு சிதைந்த நிலையில் விட்டுவிட்டுப் போன ஆசிரியர், மனம் பொறுக்காமல் திரும்பி வந்து அவளை ஒரு கரையில் சேர்த்துவிடுவாரோ என்று தயக்கமாக இருக்கிறது. சேர்த்திருந்தால் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கும். ஜனவரியில் முதலில் அதைத்தான் படிக்கப்போகிறேன்.