ஒன்பதாம் மாத ஊசி

மருந்து உள்ளே போய் இரண்டு நொடி கழித்துத்தான் பாப்பா அழுதாள்.

அதுவரை நர்ஸம்மாவின் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. தட்டம்மை ஊசி, அவ்வளவுதான்.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். என் நினைப்பு எங்கோ போய்விட்டது (வேண்டாததை எல்லாம் படித்து வைத்தால் இப்படித்தான்).

1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போர். செத்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நோயில் போனவர்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, அப்புறம் இந்தத் தட்டம்மை.

நகரத்துப் பையன்களில் பலருக்குச் சின்ன வயதிலேயே அது வந்து போயிருந்தது. ஒதுக்குப்புறப் பண்ணையில் வளர்ந்தவனுக்கு வந்ததே இல்லை. முகாமில் நூற்றுக்கணக்கானவர்களோடு நெருக்கியடித்துப் படுத்த பிறகுதான் வந்தது. ஏர் பிடித்துக் காய்த்துப்போன கை, திடமான உடம்பு, எதுவும் உதவவில்லை. அம்மை இறங்கினாலும் நிமோனியா பிடித்துக்கொண்டது.

ஒரு தடவைகூடச் சுடாமல் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

தடுப்பூசி வந்தது 1963இல்.

"லேசா காய்ச்சல் வரலாம், பயந்துக்காதீங்கம்மா" என்றார் நர்ஸம்மா.

வீட்டுக்கு வந்துவிட்டோம். கையில் பஞ்சு ஒட்டியபடியே தூங்குகிறாள். எடுக்க மனசில்லை.