எட்டு டாலர்னு பார்த்து ரெண்டு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்

போன செவ்வாய்க்கிழமை காலையில பல் தேய்ச்சுக்கிட்டே புரோக்கர் ஆப்பைத் திறந்தேன். முந்தின நாள் வரைக்கும் 32 சென்ட்ல படுத்துக் கிடந்த ஷேர் 8 டாலர்னு காட்டுது. வாயில நுரையோட அப்படியே நின்னுட்டேன். எவனோ ஒரு பெரிய எண்ணெய் கம்பெனி வளைச்சுப் போட்டுட்டான் போல, இல்ல ஏர்லைன்ஸ் ஆர்டர் ஏதோ வந்துருச்சு போலன்னு மனசு எங்கெங்கயோ போய், ஹூஸ்டன்ல வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கின்னு கணக்குப் போடுற வரைக்கும் போயிருச்சு. அப்புறம்தான் கீழ பார்த்தேன், 1,500 ஷேர் இருந்த இடத்துல 60னு இருக்கு.

ரிவர்ஸ் ஸ்ப்ளிட். 25 பழைய ஷேருக்கு 1 புது ஷேர். 480 டாலர் அதே 480 டாலர்தான், நான் மூணு வருஷமா விலை இறங்க இறங்க இன்னும் வாங்கி, ஆவரேஜ் பண்ணி ஆவரேஜ் பண்ணி போட்டது 3,900. "என்னங்க, துப்பிட்டாவது யோசிங்க"ன்னு வீட்டுக்காரம்மா சத்தம் போட்டதும்தான் சுயநினைவு வந்துச்சு.

கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க. ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து விமானத்துக்கு எரிபொருள் செய்யுற டெக்னாலஜி, அவ்வளவுதான். நானும் ஆபீஸ்ல ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வெச்சிருக்கோம். அதுல எங்க கோவில்பட்டிக்காரன் ஒருத்தன் இருக்கான், கம்பெனி ஒரு அறிக்கை விட்டா போதும், 'மச்சான், இந்தத் தடவை நிஜமாவே வந்துருச்சுடா'ன்னு ராக்கெட் படம் போடுவான். நாஸ்டாக்ங்கிற அமெரிக்கப் பங்குச் சந்தையில ஷேர் தொடர்ந்து 1 டாலருக்குக் கீழ கிடந்தா வெளிய தள்ளிடுவாங்க, அதனாலதான் இந்த ஸ்ப்ளிட்டுங்கிறதையும் அவன்தான் விளக்கினான், விளக்கிட்டு அதுக்கும் ராக்கெட் போட்டான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இதே தொழில்ல முன்னாடி இருந்தவங்க கதி என்னாச்சுன்னு பழைய ரிப்போர்ட்டெல்லாம் தோண்ட ஆரம்பிச்சேன். அப்படிக் கிடைச்சதுதான் சின்ட்ரோலியம் கதை. வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.

ஓக்லஹோமா மாநிலம் டல்சா ஊர்ல 1984ல கென்னத் ஏஜிங்கிற இன்ஜினியர் ஆரம்பிச்ச கம்பெனி அது. அடிப்படை டெக்னாலஜி ஒண்ணும் புதுசு இல்ல, ஜெர்மனியில ஃபிஷர், ட்ரோப்ஷ்னு ரெண்டு பேர் 1920கள்லயே கண்டுபிடிச்சது. இயற்கை எரிவாயுவை (நிலக்கரியையும்தான்) முதல்ல கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவா ஆக்கி, அதைக் கோபால்ட் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மேல விட்டா மெழுகு மாதிரி ஒண்ணு வரும், அதை உடைச்சா கந்தகமே இல்லாத சுத்தமான டீசல். போர்க்காலத்துல ஜெர்மனிக்காரன் பண்ணான், அப்புறம் தென் ஆப்பிரிக்காவுல சசோல்ங்கிற கம்பெனி 1955லேர்ந்து பண்ணிக்கிட்டு இருக்கு. சின்ட்ரோலியம் சொன்னது என்னன்னா, முதல்ல அந்த வாயுவா ஆக்க ஆக்சிஜன் வேணும், மத்தவங்க எல்லாம் அதுக்குத் தனியா ஆக்சிஜன் பிளான்ட் கட்டுறாங்க, அதுக்குத்தான் காசு கொட்டுது, நாங்க சாதாரணக் காத்தையே விட்டுச் செய்வோம், அதனால சின்ன பிளான்ட்லயே கட்டுப்படியாகும். கேக்கும்போதே ஆசையா இருக்கு இல்ல? எனக்கும் இருந்துச்சு, இத்தனை வருஷம் கழிச்சு முடிவு தெரிஞ்சும் படிக்கும்போது வாங்கலாம் போலத்தான் இருந்துச்சு.

1998ல ஏற்கனவே மார்க்கெட்ல இருந்த ஒரு கம்பெனியோட சேர்ந்து நாஸ்டாக்குக்கு வந்துட்டாங்க. பெரிய பெரிய எண்ணெய் கம்பெனிங்க லைசென்ஸ் வாங்குனாங்க, ஆஸ்திரேலிய அரசாங்கமே வாங்குச்சு. மேற்கு ஆஸ்திரேலியாவுல ஸ்வீட்வாட்டர்னு ஒரு பிளான்ட், ஒரு நாளைக்கு 11,500 பேரல்னு திட்டம். 2002ல அதைக் கைவிட்டாங்க. ஒரு செங்கல் கூட எழும்பல.

அடுத்து டல்சா பக்கத்துல கட்டூசா துறைமுகத்துல ஒரு சோதனை பிளான்ட் கட்டுனாங்க. இது நிஜமாவே ஓடுச்சு, ஒரு நாளைக்கு 70 பேரல். கத்தார்ல ஷெல் கட்டின பேர்ல் பிளான்ட் 1,40,000 பேரல், அதாவது 2,000 மடங்கு, அதுக்கு 18 பில்லியன் டாலருக்கு மேல செலவாச்சு. இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 70 பேரல்லேர்ந்து அந்தப் பக்கம் தாண்டணும்னா பணம் எங்கேர்ந்து வரும்? வருமானமே இல்லாத கம்பெனிக்கு பேங்க்காரன் குடுக்க மாட்டான், புதுசா ஷேர் அச்சடிச்சு நம்மள மாதிரி ஆளுங்க தலையில கட்டுறதுதான் வழி.

2006 செப்டம்பர்ல வந்தது பாருங்க, அதுதான் உச்சம். அமெரிக்க விமானப்படை கட்டூசா பிளான்ட்ல செஞ்ச எரிபொருள்ல 1,00,000 கேலன் வாங்கி, சாதாரண ஜெட் ஃப்யூல்ல பாதிக்குப் பாதி கலந்து, கலிபோர்னியா எட்வர்ட்ஸ் தளத்துல ஒரு பி-52 குண்டுவீச்சு விமானத்துல ஊத்திப் பறக்க விட்டுச்சு. முதல்ல 8 எஞ்சின்ல 2 எஞ்சினுக்கு மட்டும், டிசம்பர்ல 8க்கும். கச்சா எண்ணெய் 60, 70 டாலர்னு விக்கிற நேரம், பி-52 பறக்குது, எங்க கோவில்பட்டிக்காரன் அப்போ இருந்திருந்தா ராக்கெட்டுக்குப் பதிலா குண்டுவீச்சு விமானம் போட்டிருப்பான்.

ஆனா அதே 2006ல கட்டூசா பிளான்ட்டை நிறுத்திட்டாங்க. பிளான்ட் ஓடலன்னு இல்ல, அது வேலை செய்யும்னு நிரூபிச்சாச்சு, நிரூபிச்சதுக்கு அப்புறம் ஓட்டுனா நஷ்டம்தான். அமெரிக்காவுல எரிவாயு விலை அப்போ ரொம்ப அதிகம், கட்ரீனா புயலுக்கு அப்புறம் ஒரு யூனிட் (மில்லியன் பி.டி.யு.) 13 டாலரையே தாண்டிப் போச்சு, விலை கூடின வாயுவை டீசலா மாத்தி என்ன மிச்சம்? அப்புறம் சீனாவுலேர்ந்து சினோபெக்ங்கிற எண்ணெய் கம்பெனிக்காரன் வந்து டெக்னாலஜியையும் வாங்கி, அந்த பிளான்ட்டையே பிரிச்சு அங்க ஜென்ஹாய்ங்கிற ஊருக்குக் கொண்டு போயிட்டான். கூத்து என்னன்னா 2012 ஏப்ரல்ல அமெரிக்க வாயு விலை 2 டாலருக்குக் கீழ வந்துச்சு, கச்சா எண்ணெய் 100 டாலர். இந்த டெக்னாலஜிக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி விலை, ஆனா பிளான்ட் கப்பல் ஏறிப் போயாச்சு. (பிளான்ட் இருந்திருந்தா மட்டும் பெரிய பிளான்ட்டா கட்டியிருப்பாங்களான்னு கேட்டா சொல்ல முடியாது, ஷெல்லே 2013ல லூசியானாவுல இதே மாதிரி ஒண்ணு கட்டப்போறோம்னு சொன்னதை 20 பில்லியனுக்கு மேல போகுதுன்னு ரத்து பண்ணிருச்சு.)

நடுவுல அவங்க வேற ரூட்டைப் பிடிச்சாங்க, அதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். 2007ல டைசன் ஃபுட்ஸோட, ஆமா அந்தக் கோழிக்கறி டைசன்தான், பாதிக்குப் பாதி கூட்டு சேர்ந்து, கொழுப்பையும் பழைய எண்ணெயையும் டீசல் ஆக்குற பிளான்ட். லூசியானாவுல கைஸ்மர்ங்கிற ஊர்ல, வருஷத்துக்கு 7.5 கோடி கேலன். 2010ல ஓட ஆரம்பிச்சுச்சு. 2011ல இவங்க எரிபொருளை ஊத்தி நெதர்லாந்தோட கே.எல்.எம். விமானம் பயணிகளோட பறந்துச்சு, கடற்படைக்கும் ஆர்டர் போச்சு. செய்தியா பார்த்தா ஒண்ணை விட ஒண்ணு பெருசு. 2012 கடைசியில பிளான்ட்டை நிறுத்தினாங்க, 2013ல ஷேரை 10க்கு 1னு ரிவர்ஸ் ஸ்ப்ளிட் பண்ணாங்க, 2014ல ரினியூவபிள் எனர்ஜி குரூப்ங்கிற பயோடீசல் கம்பெனி ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் மதிப்புக்குத் தன்னோட ஷேரைக் குடுத்து எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு. டைசனோட பாதியையும் வாங்கி பிளான்ட்டைத் திரும்ப ஓட்டுச்சு. 2022ல அந்த ரினியூவபிள் எனர்ஜி குரூப்பையே செவ்ரான் 3.15 பில்லியனுக்கு வாங்குச்சு.

அதாவது 1998லயோ 2006லயோ வாங்குனவன் நினைச்சது தப்பே இல்ல. பிளான்ட் வந்துச்சு, விமானம் பறந்துச்சு, பெரிய கம்பெனி பெரிய விலை குடுத்துச்சு. என்ன, அதுக்குள்ள புதுப் புது ஷேரா அச்சடிச்சு அவன் பங்கு கரைஞ்சு போச்சு. நம்ம குரூப்ல மூணு வருஷமா நாங்க சண்டை போட்டது எல்லாம் டெக்னாலஜி வேலை செய்யுமா செய்யாதாங்கிறதைப் பத்தி மட்டும்தான், மொத்தம் எத்தனை கோடி ஷேர் வெளிய இருக்குங்கிற நம்பரை ஒருத்தன் கூட ஒரு தடவை கூடப் போட்டதில்லை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அவங்க குடுக்கிற ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே இருக்கு அது. இப்போ எடுத்துப் பார்த்தேன். ஸ்ப்ளிட்டுக்கு முந்தின கணக்குல, நான் முதல்ல வாங்கும்போது இருந்ததைப் போல நாலு மடங்கு. அதாவது அப்போ வாங்குன ஒவ்வொரு ஷேருக்கும் கம்பெனியில இருந்த பங்கு இப்போ கால்வாசிதான்.

சின்ட்ரோலியம் மட்டும்னு இல்ல. மிசிசிப்பி ஆத்தங்கரையில நாச்செஸ்னு ஒரு ஊர், அங்க முதல்ல ரென்டெக்ங்கிற கம்பெனி இதே மாதிரி பிளான்ட் கட்டப்போறேன்னுச்சு, அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டுலேர்ந்து வெலோசிஸ்னு இன்னொரு கம்பெனி வந்து கட்டப்போறேன்னுச்சு. ரென்டெக் 2017ல திவால், வெலோசிஸை 2024ல ஒரு ஷேருக்கு கால் பென்னி குடுத்து தனியார் ஆளுங்க வாங்கிட்டாங்க. நாச்செஸ்காரங்களுக்கு இந்நேரம் பழகியிருக்கும்.

குரூப்ல இதையெல்லாம் எழுதிப் போட்டேன், ரொம்ப நீளமா. கோவில்பட்டிக்காரன் ஒரு கட்டைவிரல் போட்டான், ஒரு மணி நேரம் கழிச்சு 'அப்போ இன்னும் வாங்கலாமா வேண்டாமா'ன்னு கேட்டான்.

போன சனிக்கிழமை குடும்பத்தோட நியூ ஆர்லியன்ஸ் போனோம். ஐ-10 ரோட்டுல பேட்டன் ரூஜ் தாண்டி கான்சலஸ் எக்ஸிட் வந்ததும், இங்கேர்ந்து ஆத்துப் பக்கம் போனா ஒரு பிளான்ட் இருக்கு, கோழிக் கொழுப்புலேர்ந்து டீசல் எடுக்கிறாங்கன்னு சொன்னேன். பின் சீட்லேர்ந்து பொண்ணு கேட்டா, "நம்ம கம்பெனியாப்பா?" இல்லடா, நம்மளது இன்னும் கட்டல. "எப்போ கட்டுவாங்க?" வீட்டுக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.