முகம் மட்டும் தெரியாது

குறைபார்வைப் பிரிவில் எனக்கு வரும் புகார்களில் பாதி, நோயாளி சொல்வதல்ல. கூட வந்த மகனோ மருமகளோ வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொல்வது: "அம்மா நடிக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது, சார். தரையில் கிடக்கும் குண்டூசியை எடுக்கிறார். எதிரே நிற்கும் என்னைப் பார்த்து யார் என்கிறார்."

இரண்டும் உண்மைதான். முதுமையில் வரும் மாக்குலா சிதைவு விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் அரிக்கிறது. அது 5 மி.மீ. அளவுள்ள சிறிய இடம். எழுத்து, முகம், தொலைபேசி எண் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. சுற்றியுள்ள பார்வைக்குப் பெரும்பாலும் சேதமில்லை. அதனால் நாற்காலியில் இடிக்காமல் நடப்பார்கள், ஓரமாகக் கிடக்கும் குண்டூசியும் கண்ணில் படும். உற்றுப் பார்த்தால்தான் பார்க்கும் பொருள் மறைந்துபோகும். தடுமாறி நடந்திருந்தால் வீட்டார் நம்பியிருப்பார்கள். தடுமாறாததே இவர்கள் செய்த குற்றம்.

இவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பது, நேராகப் பார்க்காமல் இருக்க. பெரிய கடிகார முகம் வரைந்த அட்டையை எதிரே பிடிப்பேன். நடுவில் ஒரு நட்சத்திரம். "நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், பன்னிரண்டைப் பாருங்கள். இப்போது ஒன்று, இரண்டு..." ஏதோ ஓர் எண்ணில் கண் நிற்கும்போது நட்சத்திரம் வெளியே வரும். "பதினொன்றைப் பார்த்தால் தெரிகிறது, தம்பி" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். சொல்லி முடிப்பதற்குள் கண் பழைய வழக்கப்படி நடுவுக்கு ஓடிவிட்டது, நட்சத்திரம் போய்விட்டது. எழுபது வருடப் பழக்கம் ஓர் அட்டைக்கு அடங்குமா? வாரக்கணக்கில் பழக வேண்டும். பழகியபின் வீட்டில் அடுத்த வம்பு: "அப்பா என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை." முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவர் காதுக்கு மேலே பார்க்கிறார்.

உலர் வகை, ஈர வகை என்று இதில் இரண்டு. பெரும்பாலோருக்கு உலர் வகை. அது மெல்ல நகரும். ஈர வகையில் புதிய ரத்தக்குழாய்கள் கசிந்து சில வாரங்களிலேயே பார்வையைக் கெடுத்துவிடும். நேரான கதவு நிலை வளைந்து தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தால்தான் அது பிடிபடும். இரண்டையும் திறந்திருந்தால் நல்ல கண் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண்ணுக்குள் போடும் ஊசிகள் 2000-களின் நடுவிலிருந்து இந்த வகையின் கதையையே மாற்றிவிட்டன. ஆனால் பலர் "தெளியவில்லையே" என்று நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் பார்வை மீண்டாலும் ஊசியின் முக்கிய வேலை இருப்பதைக் காப்பது. இதை முதல் நாளே புரியும்படி சொல்லாத நாங்களும் இதற்குப் பொறுப்பு என்பேன்.

துணைக்கு வந்தவர் வெளியே போனதும் நானே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இல்லாத உருவங்கள் எதுவும் தெரிகிறதா?" பார்வை குறைந்தவர்களில் சிலருக்கு மூளை தானாகவே காட்சிகளை வரைந்து காட்டும். சார்லஸ் போனே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1760-இல் தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்ததால் அவர் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. புத்தி தெளிவாகவே இருக்கும். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்த ஆசிரியரும் அப்படித்தான் கொஞ்சம் தயங்கினார். பிறகு, தொப்பி வைத்த குட்டி மனிதர்கள் சாயங்காலத்தில் சுவரோரமாக வரிசையாகப் போவதாகச் சொன்னார். "பேரப்பிள்ளைகள் முகம் தெரியவில்லை, இவர்கள் மீசைகூடத் தெரிகிறது!"

கண்களை இடமும் வலமுமாகச் சில தடவை வேகமாக அசைத்தால் பலருக்கு உருவங்கள் கலைந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டார்.

"கலைத்தே ஆக வேண்டுமா, தம்பி?" என்றார்.