வி.டி.யிலிருந்து 9வி-க்கு

சென்னையில் ஏ320 விமானம் ஓட்டிக்கொண்டிருந்த நான், சிங்கப்பூர் வந்ததும் முதலில் உட்கார்ந்தது காக்பிட்டில் இல்லை, விமானச் சட்டப் புத்தகத்தின் முன்னால்தான். இந்திய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே பறக்க முடியாது. விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது ஏற்றுக்கொண்ட லைசென்ஸ்தான் விமானியிடம் இருக்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்துக்கான 1944-ன் சர்வதேச சிகாகோ உடன்படிக்கை. இந்திய விமானத்தின் பதிவு எண் வி.டி. என்று தொடங்கும், இங்கே 9வி. சிங்கப்பூர் லைசென்ஸுக்காக மெடிக்கல், தேர்வு, சிமுலேட்டர் சோதனை எல்லாம் மறுபடியும். பறந்த மணிநேரம் மட்டும் நம்மோடு வரும். ஊரிலிருந்து விசாரிக்கும் தம்பிகளுக்கு நான் அழுத்திச் சொல்வது, பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் லாக்புக்கில் ஒரு வரிகூடக் குழப்பமில்லாமல் இருக்கட்டும் என்பதைத்தான். மெடிக்கல் தேறும் முன், இப்போது கையில் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

சட்டத்தையாவது படித்துவிடலாம். வானத்தைப் பழகத்தான் நாளாகும். நம் ஊரில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் நாள்கணக்கில் அதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, சுமத்ரா பக்கமிருந்து இடிமேகங்கள் வரிசையாகக் கிளம்பி நீரிணையைத் தாண்டி வரும். அந்தக் காற்றுமழைக்குப் பெயரே சுமத்ராதான். இங்குள்ள சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கின்றன. இந்தக் காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. விமானத்தை நேராகப் பக்கவாட்டில் தாக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடும். அதனால் காத்திருந்து வட்டமடிப்பதா, பக்கத்து இந்தோனேசியத் தீவான பத்தாமுக்கோ கோலாலம்பூருக்கோ போவதா என்பது எரிபொருள் கணக்கு. புறப்படும் முன்பே அந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கும் கேப்டன்களிடம் நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்றதில்லை.

வீடு, சாப்பாடு எல்லாம் சுலபம். விமான நிலையப் பலகையிலேயே தமிழ் இருக்கிறது, தேக்கா சந்தையில் முருங்கைக்காய் கிடைக்கிறது. சிலேத்தார் பக்கம் போனால் ஜாலான் காயுவில் புரோட்டா, அதை இங்கே பிராட்டா என்பார்கள்.

கஷ்டம் என் மனைவிக்குத்தான். திருச்சியில் பள்ளி ஆசிரியை. என் வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில், குடும்பத்தினர் உடன் தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸ் அவளுக்குக் கிடைத்தது. ஆனால் 2021 மே முதல் அந்தப் பாஸை மட்டும் வைத்து வேலைக்குச் சேர முடியாது. முதலாளி தனியாக வேலை அனுமதி எடுத்துத் தர வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விமானியின் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருப்பவரின் வேலையைப் பற்றியும் கேட்டுவிட்டு வாருங்கள். என் பணி அட்டவணையான ரோஸ்டரில் ராத்திரி பகலாகும், ஞாயிறு வேலை நாளாகும். அந்த நேரமெல்லாம் அவள் தனியாக இருக்கிறாள். தமிழ் இங்கே ஆட்சிமொழி, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் தாய்மொழிப் பாடம். அந்த நம்பிக்கையில் பாலர் பள்ளிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் ஒரு நேர்காணல் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள் கேட்டிருக்கிறேன்.