சுங்கை சிப்புட்டிலிருந்தே வேலை

கோலாலம்பூருக்குப் போனால்தான் பிழைப்பு என்று சொல்லிச் சொல்லியே நம் தோட்டப்புறப் பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். இப்போது சிலர் மடிக்கணினியோடு பேராக்கில் இருக்கும் நம் சுங்கை சிப்புட்டுக்கே திரும்பி வந்து வேலை பார்க்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

வாடகை மிச்சம் என்பது சரிதான். ஆனால் எனக்குப் பெரிய நிம்மதி வேறு. அம்மாவுக்குப் பசியாற வைத்து, பிரஷர் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்பது மணி மீட்டிங்கில் உட்கார முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் ஃபைபர் இணையம் நன்றாகவே ஓடுகிறது. செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கும் என் சித்தி மகனோ, மழை பிடித்தால் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் கட்டி ஹாட்ஸ்பாட் எடுக்கிறான். அவனும் அதே வேலையைத்தான் செய்கிறான். இது நியாயமே இல்லை.

அக்கம்பக்கத்தில், “வேலைக்குப் போகலையாம்மா?” என்று இன்னும் கேட்கிறார்கள். வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்ற நினைப்பு மாற வேண்டும்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று. 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள மலேசிய வேலைச் சட்டத் திருத்தப்படி, வேலை செய்யும் இடத்தையோ நேரத்தையோ மாற்றித் தரச் சொல்லி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதும் கிடைத்துவிடாது, ஆனாலும் கேளுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸுக்கு வாங்க.